கயிறு அவிழ்க்க ஓர் இடம்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. அப்புறம், நீங்கள் நாய் வளர்க்கப் போகிற செய்தி! இரண்டு தடவை படித்த பிறகுதான் நம்பினேன்.

நியூயார்க்கில் நாயைக் கட்டிப் பிடிக்கும் கயிறு ஆறடிக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருந்தாய். இங்கே பெர்லினில் இடத்துக்கு ஓர் அளவு. மாடிப்படி, ரயில், கூட்டம் கூடும் இடம் என்றால் ஒரு மீட்டர். பூங்காவிலும் காட்டிலும் இரண்டு மீட்டர். 2019 ஜனவரியிலிருந்து ஊர் முழுக்கவே கயிறு கட்டாயம். நாயைக் கையாளத் தெரியும் என்று சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குச் சில இடங்களில் விலக்கு.

அந்த ஒரு மீட்டரின் அருமை எனக்குத் தெரியும். எங்கள் மாடிப்படி குறுகல். மேல்வீட்டு ஷெப்பர்ட் நாய் இறங்கி வரும்போது, அதன் சொந்தக்காரர் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றி, நாயைச் சுவரோரம் நிறுத்திவிட்டுத் தான் நடுவில் நின்றுகொள்வார். அதன் மூச்சு கேட்கும், மேலே படாது. தெருநாய்க்குப் பயந்து டியூஷனுக்குச் சுற்றுவழியில் போன நம் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் கட்டு என்று மட்டும் சொல்லும் சட்டம் பாதிச் சட்டம்தான். ஓடாத நாய்க்குத்தான் மூர்க்கம் ஏறும். இங்கே குரூனவால்ட் காட்டில் ஏரிக்கரையோடு சேர்த்துப் பெரிய பகுதியை நாய்களுக்காக விட்டிருக்கிறார்கள். கயிறு வேண்டியதில்லை. தண்ணீரில் பாய்ந்து குச்சியைக் கவ்வி வந்து, உடம்பை உதறிப் பக்கத்தில் நிற்பவர்களை நனைத்துவிட்டு மறுபடி ஓடும். பயப்படுகிறவர்கள் வேறு பக்கம் போய்க்கொள்ளலாம்.

உங்கள் ஊர் நேரத்தைப் பிரித்துக் கொடுத்தது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. சென்ட்ரல் பார்க்கில் அனுமதித்த பகுதிகளில் காலை 6 முதல் 9 வரையும் இரவு 9 முதல் 1 வரையும் அவிழ்த்துவிடலாமே! வெறும் வழக்கமாக இருந்தது கோர்ட் வரை போய், 2007-இல் முறையான விதியானது. நெருக்கடியான ஊரில் ஒரே புல்வெளியை இருதரப்பும் பகிர்ந்துகொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வியன்னாவில் தெருவில் கயிறோ வாய்மூடியோ ஒன்று போதும், பூங்காவில் கயிறு, மெட்ரோவில் இரண்டும். தெரு விஷயத்தில் என் மனம் ஒப்பவில்லை. வாய்மூடி போட்ட பெரிய நாய் கடிக்காது, சரி. மேலே பாய்ந்தால் குழந்தை விழாதா?

நீளும் கயிறு வாங்காதே, கூட்டத்தில் இழுத்துப் பிடிக்க முடியாது. லைசன்ஸ் வில்லையைக் கழுத்துப்பட்டையில் மாட்டிவிடு. ரேபிஸ் ஊசிச் சான்று இல்லாமல் காலையில் அவிழ்த்துவிட முடியாது. என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று உடனே எழுது.

அன்புடன்,
கோமதி