நொச்சி வேலியை வெட்டச் சொல்லும் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கொல்லைப்புறத்துப் "புதர்களை" மூன்றடிக்குக் குறைக்க வேண்டும், இல்லையேல் வேரோடு அகற்றிப் புல்தரை அமைக்க வேண்டும் என்று தாங்கள் அனுப்பிய இரண்டாவது அறிவிப்பு கிடைத்தது. முதல் அறிவிப்புக்கு நான் எழுதிய பதிலுக்கு விடை வருவதற்குள், சங்கத்தின் தோட்டப் பணியாளர் வந்து நடைபாதைப் பக்கத்து வேலியை இடுப்பளவுக்கு வெட்டிச் சென்றுவிட்டார். அவர் மேல் குறையில்லை, சொன்னதைச் செய்தார். சொன்னவர்களிடம்தான் கேட்கிறேன்: அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள்.

வெட்டப்பட்டவை நொச்சியும் ஆடாதோடையும். கம்பிவேலியை ஒட்டித் தாங்கள் நடைபாதை அமைத்த நாளிலிருந்து எங்கள் சமையலறைப் படி, துவைக்கும் கல், துணிக்கொடி எல்லாமே ஊர்ப்பார்வைக்கு வந்துவிட்டன. மூட்டுவலியால் மாடியேற முடியாத என் மாமியாருக்கு வெளிக்காற்று என்றால் அந்தக் கொல்லைதான். வேலி ஆளுயரம் வளர்ந்த பிறகுதான் அவர் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலை விரித்துப்போட்டுக்கொண்டு, புழுக்கத்துக்குச் சேலைத் தலைப்பால் விசிறியபடி, யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய தேவையின்றி அங்கே உட்காரத் தொடங்கினார். இப்போது பின்கதவைச் சாத்திக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கிடக்கிறார். நடப்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். "பாட்டி, சாப்பிட்டாச்சா?" என்று அன்போடுதான் கேட்கிறார்கள், சுற்றுக்கு ஒருவராகக் கேட்கிறார்கள்.

கொசு பெருகும் என்பது தாங்கள் சொல்லும் முதல் காரணம். கொசு தேங்கிய நீரில் முட்டையிடுமே தவிர நொச்சி இலையில் அன்று. கொசுவை விரட்டும் என்று சொல்லிச் சென்னை மாநகராட்சியே ஒரு காலத்தில் நொச்சிக் கன்றுகளை வழங்கியது. புழு வருகிறது என்பது அடுத்தது. ஆவாரையிலும் சரக்கொன்றையிலும் இலை தின்னும் பச்சைப் புழுக்களே பிறகு வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் ஆகின்றன. சங்கத்தின் நாட்காட்டி அட்டையில் வண்ணத்துப்பூச்சியைப் போட்டிருப்பவர்கள் அதன் பிள்ளைப்பருவத்தையும் சற்றுப் பொறுத்துக்கொள்ளலாம்.

அழகு பற்றி வாதாட மாட்டேன்; ஆளுக்கொரு கண். தண்ணீர் அப்படியன்று. ஆயிரம் சதுர அடிக் கொரியன் புல்லுக்குக் கோடையில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவு நீர் விட்டாலே ஏறத்தாழ 465 லிட்டர் ஆகிறது. ஆழ்துளைக் கிணறு காற்று வாங்கும் மாதங்களில் அத்தனையும் காசு கொடுத்து வாங்கும் லாரித் தண்ணீர். சென்னைக்கு ஆண்டில் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது, ஆனால் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த வரவுக்கு வாழப் பழகியவை களா, காரை, காசான், வெப்பாலை முதலிய இந்தக் கடற்கரைக் காட்டுச் செடிகள். வேர்பிடிக்கும்வரைதான் அவற்றுக்கு நீர் ஊற்றினோம்; இன்று சருகு மூடாக்கும் கூரையிலிருந்து இறங்கும் மழைநீரும் போதுகின்றன. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த 2019ஆம் ஆண்டில், புல்லுக்கு நீர் பாய்ச்சாதீர்கள் என்று சுற்றறிக்கை விட்டதும் இதே சங்கம்தான்.

மறைப்பு வேண்டுமென்றால் கோனோகார்பஸ் வையுங்கள் என்கிறது அறிவிப்பின் கடைசி வரி. அந்த மரத்தை நடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2025இல் தடை விதித்துவிட்டது. அரசு வேண்டாம் என்ற மரம் ஆளுயரம் வளரலாம், ஊர்ச்செடி மூன்றடி தாண்டக்கூடாது! ஏரியைத் தூர்த்த இடத்துக்கு 'லேக் வியூ' என்று பெயர் வைக்கும் காலத்தில் இதற்கெல்லாம் வியப்பது என் பிழைதான். மன்னிக்கவும், வேண்டுகோளுக்கு வருகிறேன்.

அருள்கூர்ந்து அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். வெட்டிய வேலியை மீண்டும் ஆளுயரம் வளரவிடுங்கள். நடைபாதைக்குள் நீளும் கிளைகளை நாங்களே கழித்துவிடுகிறோம், அதற்குப் பணியாளரை அனுப்ப வேண்டாம். தோட்டத்தைக் குழுவினர் நேரில் பார்க்க விரும்பினால் எந்த மாலையும் வரலாம். நடைபாதையிலிருந்து எட்டிப் பார்க்காமல், வாசல் பக்கம் வந்து அழைப்புமணியை அடியுங்கள்.

இப்படிக்கு,
சந்தா பாக்கியில்லாத ஓர் உறுப்பினர்