ஒரே ஊரில் இரண்டு எமிர்கள்

அன்புள்ள சேகர்,

"அங்கே இன்னும் ராஜா இருக்கிறாராமே, யார் அவர்?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டாய். அதையே இந்த வட நைஜீரியக் கானோ நகரத்து டீக்கடையில் கேட்டால் பெஞ்சில் இருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். எமிர் என்றால் இந்த ஊர் ராஜா. அந்தப் பட்டத்துக்கு இப்போது இரண்டு பேர். ரும்ஃபா மன்னர் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பழைய மண் அரண்மனையில் சனுசி இருக்கிறார். நசராவா பக்கத்துச் சின்ன அரண்மனையில் அமினு அடோ பயேரோ.

சனுசி நைஜீரிய மத்திய வங்கியின் கவர்னராக இருந்தவர். 2014இல் எமிரானார். ஆள்வோரை விமர்சிக்காமல் அவரால் இருக்க முடியாது. 2020இல் மாநில அரசு அவரை இறக்கிவிட்டு அமினுவை உட்கார வைத்தது. ஆட்சி மாறியது, 2024 மே மாதம் சனுசி திரும்ப வந்தார். அமினு விடவில்லை, கோர்ட்டுக்குப் போய்விட்டார். இதில் வேடிக்கை, சனுசியின் தாத்தாவையும் 1963இல் இதே மாதிரிதான் அரசு இறக்கியது. அதற்கும் முன்னால், 1903இல் வெள்ளைக்காரன் கோட்டையை உடைத்து நுழைந்தபோது எமிர் அலியு சொக்கோட்டோ நகரத்துக்குப் போயிருந்தார். ஊருக்குத் திரும்பவே முடியவில்லை. அவருடைய சகோதரர் அப்பாஸைப் பட்டத்தில் வைத்தார்கள். ஆக, எமிரை ஏற்றுவதும் இறக்குவதும் இங்கே நூறு வருஷத்துக்கு மேலாக வேறு யாரோ போடும் கையெழுத்துதான்.

சரி, எமிருக்கு என்னதான் அதிகாரம்? போலீஸ், நீதிமன்றம், வரி எல்லாம் ஒரு காலத்தில் அவர் கையில் இருந்தன. ஒவ்வொன்றாகப் போய், 1976 உள்ளாட்சிச் சீர்திருத்தத்தோடு மிச்சமும் தீர்ந்தது. சட்டப்படி இப்போது ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் போலியோ கதையைக் கேள். 2003இல் சொட்டு மருந்து போட்டால் பிள்ளை பிறக்காது என்று வதந்தி பரவி, மாநில அரசே மருந்தை நிறுத்தி வைத்தது. நோய் பக்கத்து நாடுகளுக்கெல்லாம் போனது. மறுபடி ஆரம்பித்த பிறகும் கதவைத் திறக்காத வீடுகள் இருந்தன. அங்கே எடுபட்டது எமிரின் ஆட்களான தெருத்தலைவர்கள் பேச்சுதான். சனுசியே கூட்டத்துக்கு நடுவில் ஒரு குப்பி மருந்தை மடமடவென்று குடித்துக் காட்டினார். எந்தச் சட்டத்திலும் இல்லாத அதிகாரம் இது. மாநிலத்தை ஆளும் எந்தக் கவர்னராலும் இதைப் பிடுங்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போன வாரம் கோஃபர் மாத்தா சாயக்குழிகளுக்குப் போனேன். வாசலில் தொடங்கிய வருஷம் 1498 என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். தரையில் கிணறு மாதிரி வட்ட வட்டமாகக் குழிகள், சில இருபது அடி ஆழமாம். அவுரி, சாம்பல், பொட்டாஷ் உப்பு போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். ஒரு பெரியவர் குழி ஓரத்தில் குந்தியபடி துணியை முக்கி, அலசி, மேலே தூக்கினார். பச்சையாக வந்தது. ஏமாந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன், காற்று பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறியது. திரும்ப முக்கினார். கருநீலம் வேண்டுமென்றால் மணிக்கணக்கில் இப்படியே. காய்ந்த துணியை இருவர் எதிரெதிரே உட்கார்ந்து மரக்கட்டையால் அடிக்கிறார்கள். இஸ்திரியே தேவையில்லாமல் பளபளவென்று ஆகிவிடுகிறது. ஒரு காலத்தில் சகாரா பாலைவனத்து நாடோடிகளான துவாரெக்குகள் இதற்காகவே ஒட்டகம் கட்டி வந்தார்கள். இப்போது சீனத் துணி மலிவு. பாதிக் குழிகள் தூர்ந்து கிடக்கின்றன. வெளியே வந்து ஃபுரா குடித்தேன். கம்பு உருண்டையைத் தயிரில் கரைத்துத் தருகிறார்கள், நம் கம்பங்கூழேதான், சர்க்கரை மட்டும் அதிகம்.

இன்னொன்று, ஊரே குமுறும் விஷயம். பெருநாளுக்கு இங்கே தர்பார் என்ற குதிரை ஊர்வலம் நடக்கும். தலைப்பாகையில் இரண்டு காது வைத்துக் கட்டிய இளவரசர்கள், ஆளுயரத்துக்கு மேல் நீளும் ககாகி எக்காளம், கடைசியில் குடை நிழலில் எமிர். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்த வருஷ பக்ரீத்துக்குப் போலீஸ் தடை. 2025 ரம்ஜானுக்கும் தடை. இரண்டு எமிர் இரண்டு ஊர்வலம் கிளப்பினால் அடிதடி ஆகும் என்று பயம். போலீஸ் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் குதிரைக்கு ஜரிகை தைப்பவன் வயிற்றில் அடித்துவிட்டார்கள்.

அப்புறம், ஆட்டோக்காரர்கள் என் முகத்தைப் பார்த்ததும் பழைய இந்திப் பாட்டாகப் பாடுகிறார்கள். எனக்கு இந்தி தெரியாது என்றால் நம்புவதே இல்லை, தலையாட்டிக்கொண்டே இறங்கிவிடுகிறேன்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது என்று எழுது. தேதி தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி லீவு போட்டு வருகிறேன். உனக்கு ஒரு சாயத்துணி எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் தனியாக அலசச் சொல், இல்லாவிட்டால் வீட்டு வேட்டியெல்லாம் நீலமாகிவிடும்.

அன்புடன்,
ராஜு