குட்டி ரயிலுக்கு எந்த பவர் சப்ளை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை முடிந்த கையோடு கருகிய கண்ட்ரோலர்கள் (குட்டி ரயிலுக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிகள்) கடைக்கு வரத் தொடங்கிவிட்டன. இந்த முறை மூன்று. மூன்றும் ஜப்பானிலிருந்து வந்தவை. ஆசையாக வாங்கி வந்து, பிளக்கில் மாட்டி, சுவிட்சைத் தட்டியதும் புகை.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே மலேசியாவில் ஏட்டில் 230, பேச்சில் 240. ஜப்பான் பிளக்கின் தட்டை முள்ளை நம் மூன்று துளை சாக்கெட்டில் செருக, மலிவாக ஒரு மாற்றுப் பிளக் கிடைக்கும். அது முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, கடை திறந்த புதிதில் நாங்களே யோசிக்காமல் அப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டு, மறுநாள் சொந்தக் காசில் புதுக் கண்ட்ரோலர் வாங்கித் தந்திருக்கிறோம்.

ஆகவே முதலில் அடாப்டரைத் திருப்பி, இன்புட் என்ற இடத்தில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 100–240 என்று இருந்தால் கவலையில்லை. வெறும் 100 என்றால் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். சின்ன செட்டுக்கு 50 வாட் தாராளம். ஆனால் 100 வோல்ட் தருவதாகக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கச் சாமானுக்கான 110 வோல்ட் ரகத்தில் மாட்டினால் ஜப்பான் அடாப்டர் தேவைக்கு மேல் சூடாகும். இங்கிலாந்திலிருந்து வரும் ஹார்ன்பி செட்டுகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. நம்முடைய அதே பிளக், அதே வோல்ட்.

அடுத்தது, "அண்ணே, 12 வோல்ட் அடாப்டர் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வருபவர்களுக்கு. என் கேஜ் (N), அதைவிடப் பெரிய எச்ஓ (HO) என்ற இரு அளவு குட்டி ரயில்களும் 12 வோல்ட் டிசியில் ஓடுபவைதான். ஆனால் வெறும் அடாப்டரைத் தண்டவாளத்தில் இணைத்தால் இஞ்சின் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் பாயும், முதல் வளைவில் மேசையை விட்டுப் பறக்கும். வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கவும், பிளஸ் மைனஸை மாற்றிப் பின்னால் ஓட்டவும் திருகு உள்ள கண்ட்ரோலர் வேண்டும். (நம் நாட்டு ஈடிஎஸ் மின்சார ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த தாத்தாக்கள் நம் 12 வோல்ட்டைப் பார்த்தால் சிரிப்பார்கள்.)

எத்தனை ஆம்பியர்? இங்கேதான் எல்லோரும் பெரியதாகத் தேடுகிறார்கள். இப்போது வரும் என் கேஜ் இஞ்சின் பெரும்பாலும் கால் ஆம்பியரைக் கூடத் தாண்டாது. எச்ஓ என்றால் அரை ஆம்பியர் என்று வையுங்கள். ஒரு வட்டம், ஓர் இஞ்சின், நாலைந்து பெட்டி என்றால் 1 ஆம்பியர் போதும். பெட்டிகளில் பழைய குண்டு பல்பு இருந்தால் மட்டும் கணக்கு மாறும். ஒரு பல்பு 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் பன்னிரண்டு பல்புக்கு 0.6 ஆம்பியர். இஞ்சினை விட விளக்கு அதிகம் தின்னும்! எல்இடிக்கு மாறிவிட்டால் அந்தச் செலவு பெயரளவுக்குத்தான்.

பழைய லேப்டாப் சார்ஜர் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் அது 19 வோல்ட், 60 வாட்டுக்கு மேல். தடம் புரண்ட இஞ்சினின் இரும்புச் சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் தொட்டால் அங்கே ஷார்ட். சால்டரிங் அயர்ன் 30 வாட்டிலேயே ஈயத்தை உருக்குகிறது, அதைப்போல இருமடங்கு ஒரு சின்ன சக்கரத்தில் இறங்கினால் பிளாஸ்டிக் என்ன ஆகும்? ஷார்ட் ஆனதும் தானே நின்றுவிடும் டிரிப் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அடாப்டரில் சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கரையும் பாருங்கள். எங்களைக் கேட்டால் 3 ஆம்பியர் பெருமையை விட இந்த இரண்டும்தான் முக்கியம்.

ஜெர்மனியின் மேர்க்லின் கம்பெனி எச்ஓ வைத்திருப்பவர்கள் மட்டும் தனியாக வந்து பேசுங்கள். அது மூன்று தட முறை, பழைய செட்டுகள் ஏசியில் ஓடும். அந்த டிரான்ஸ்பார்மரைச் சாதாரண டிசி இஞ்சினுக்குக் கொடுத்தால் மோட்டார் போய்விடும்.

அப்புறம், "ரயில் திணறுகிறது, பெரிய பவர் சப்ளை வேண்டும்" என்று வருபவர்களில் பாதிப் பேரை நாங்கள் ஒன்றும் விற்காமல் அனுப்பிவிடுகிறோம். நம் ஊர் ஈரக் காற்றில் தண்டவாளம் கறுத்துப்போகும். ஃபார்மசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி, துணியில் நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு உட்காரும். வட்டத்தின் மறுபக்கத்தில் மட்டும் வேகம் குறைந்தால், கண்ட்ரோலரிலிருந்து அங்கேயும் ஒரு ஜோடி ஒயர் இழுத்துக் கொடுங்கள், சரியாகிவிடும்.

சாயங்கால இடிக்கு முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்கு வாருங்கள். கண்ட்ரோலரை மட்டும் தூக்கி வராமல் இஞ்சினையும் கொண்டு வாருங்கள். மேசையில் ஒரு வட்டம் போட்டே வைத்திருக்கிறோம். மீட்டர் மாட்டி எவ்வளவு இழுக்கிறது என்று காட்டுவோம். காசு வேண்டாம். திங்கள் மட்டும் கடை இல்லை.

இப்படிக்கு,
உங்கள் ரயில் கடைக்காரர்கள்