ஆண்டறிக்கை: உண்ணியில் வந்து நின்ற நான்கு கூட்டங்கள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கால்நடை, செல்லப்பிராணி வளர்ப்போரான நாம் இந்த ஆண்டு நான்கு முறை கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பேச்சு எங்கே தொடங்கினாலும் உண்ணியில்தான் வந்து நின்றது; ஆகவே என் அறிக்கையும் அதைப் பற்றியதே.

முதல் கூட்டம் மாடுகளுக்கானது. கண்ணிமையின் உட்புறம் வெளுத்து, மஞ்சள் பாய்ந்து, சிறுநீர் மட்டும் சிவக்காமல் இருந்தால் அனாபிளாஸ்மா என்ற ரத்த நோய்க் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும் என்றார் கால்நடை மருத்துவர். சிறுநீர் காபி நிறத்தில் போனால் பெரும்பாலும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணி. இரண்டையும் உண்ணி பரப்பினாலும் முன்னதுதான் பாக்டீரியா; அதற்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கேட்கும், பபேசியாவுக்கு அது போதாது. ஒரே ஊசியை மந்தை முழுக்கப் போட்டாலும் அனாபிளாஸ்மா பரவும் என்று அவர் சொன்னபோது நம்மில் சிலர் தரையைப் பார்த்தோம்.

இரண்டாவதில் என் கதையையே சொல்ல நேர்ந்தது. என் நாய்க்கு மூக்கில் ரத்தம் ஒழுகியது. எங்கோ முட்டிக்கொண்டது என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். பரிசோதித்தால் உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா; ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அடிமட்டத்தில். இருபத்தெட்டு நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக். பத்தாம் நாளே தட்டை நக்கித் தின்னத் தொடங்கியதால் மாத்திரையை நிறுத்தப் பார்த்தேன், வீட்டில் விடவில்லை. நாயைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டிய நான், அது படுக்கும் மூலையின் சுவரைப் பார்க்கவே இல்லை. டார்ச் அடித்தபோது விரிசல் முழுக்க மிளகு கொட்டியதுபோல் குஞ்சு உண்ணிகள். நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும்.

மூன்றாவது கூட்டம்தான் காரசாரம். காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்திருந்த உறுப்பினர் ஒருவர், மருத்துவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார், இடுப்பில் உண்ணி கடித்ததைத் தவிர. அன்று பேச வந்த மருத்துவரின் ஆதங்கமும் அதுவே. உண்ணி பரப்பும் ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா தரும் காய்ச்சலில், முதல் வாரத்து ரத்தப் பரிசோதனை நோய் இல்லை என்று காட்டிப் பொய்த்துப்போகலாம். தடிப்பு தாமதமாக வரும், வராமலும் போகும். பென்சிலின் வகை மருந்து பலிக்காது. சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் தொடங்க வேண்டும். அந்தச் சந்தேகத்துக்கு விதை நம் வாயிலிருந்துதான் வரவேண்டும். 1906இல் இவ்வகைக் காய்ச்சல் ஒன்றின் உண்ணிவழிப் பரவலை நிரூபித்த ஆய்வாளர் ஹோவர்ட் ரிக்கெட்ஸ், 1910இல் பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சலை ஆராயப் போய் அதற்கே பலியானார்; இக்கிருமிகளுக்கு அவர் பெயர்தான்.

பெயர்க் குழப்பமும் தீர்ந்தது. உண்ணிக்காய்ச்சல் என்று பலர் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்புவது உண்ணி அல்ல, சிற்றுண்ணி (mite) என்ற வேறொரு சிற்றுயிரின் இளம்புழு.

கடித்த உண்ணியை எடுப்பது பற்றி அரைமணி நேரச் சண்டை. மண்ணெண்ணெய் கட்சியும் தீக்குச்சி கட்சியும் தோற்றன. கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். உடம்பை நசுக்கக் கூடாது. உண்ணி பரப்பும் இன்னொரு நோயான லைம் நோயின் கிருமி நம் உடலில் ஏறப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும் என்பதால், அன்றன்றே தேடி எடுத்தால் லாபம். மற்றக் கிருமிகள் அவ்வளவு பொறுமைசாலிகள் அல்ல.

நான்காவது கூட்டத்துக்கு ஏழு பேரே வந்தோம். எடுத்த உண்ணியை ஸ்பிரிட் குப்பியில் போட்டு, தேதியும் கடித்த இடமும் எழுதி வைப்பது என்று தீர்மானித்தோம். இதுவரை என்னிடம் வந்தவை மூன்று குப்பிகள். ஒன்றில் இருப்பது வண்டு.

இப்படிக்கு,
செயலாளர்