ஹார்ட் டிஸ்க்கின் உண்மையான சுழல்வேகத்தைப் பெட்டியின் மேல் அச்சிடுங்கள்

சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா நிறுவனத்தாருக்கு வணக்கம்.

உலகில் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் இன்று நீங்கள் மூவர்தான். அதனால் மூவருக்கும் சேர்த்தே இந்த மடல்.

சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் 3.5 அங்குல டிரைவும் அதைப் போட ஒரு யுஎஸ்பி கேஸும் வாங்குகிறார். கல்யாணப் படங்களைச் சேர்த்துவைக்கும் ஸ்டுடியோக்காரர் என்று வையுங்கள். எத்தனை டெராபைட், என்ன விலை என்பது பெட்டியிலேயே இருக்கிறது. கேஸுக்குள் போனால் எவ்வளவு சூடாகும் என்பதுதான் தெரியாது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவுக்கு விசிறிக் காற்று உண்டு. இந்தக் கேஸ்களில் பெரும்பாலும் விசிறி கிடையாது. பிளாஸ்டிக் கேஸ் என்றால் சூடு வெளியேறவும் வழியில்லை. டிரைவோடு ஒட்டி உட்காரும் அலுமினியக் கேஸ் ஓரளவு தாங்கும். நீங்கள் பல மாடல்களுக்குக் குறிக்கும் உச்சவரம்பு 60 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் இங்கே ஏசி இல்லாத அறையே 36 டிகிரியைத் தொட்டுவிடும். மீதமுள்ள 24 டிகிரிக்குள் மணிக்கணக்காக நகலெடுத்து முடித்தாக வேண்டும்.

இங்கேதான் சுழல்வேகம் முக்கியமாகிறது. நிமிடத்துக்கு 5400 சுற்றிலிருந்து (ஆர்பிஎம்) 7200-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. டிரைவுக்குள் தகவல் பதியும் தட்டுகள் காற்றைக் கிழித்துச் சுழலச் செலவாகும் சக்தியோ இரண்டு மடங்கைத் தாண்டும். அத்தனையும் சூடாகத்தான் வெளிவரும். காற்றின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்கே உள்ள ஹீலியத்தை நிரப்பி 2013-இல் டிரைவ்கள் விற்பனைக்கு வந்ததற்கு இந்த இழுவையும் ஒரு காரணம். பெரிய கோப்புகளை வரிசையாக நகலெடுத்து வைப்பவருக்கு 5400 தாராளமாகப் போதும். அவர் அதைத் தேடி வாங்கத் தயார். உங்கள் பெட்டி உண்மையைச் சொல்ல வேண்டும்.

வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தார் ஒரு காலத்தில் ‘இன்டெல்லிபவர்’ என்று எழுதி எண்ணையே தவிர்த்தார்கள். பிறகு ‘5400 ஆர்பிஎம் கிளாஸ்’ வந்தது. 2020-இல் பயனர்கள் அப்படிப்பட்ட டிரைவ்களின் ஓசையை மைக்கில் பதிவுசெய்து அலசினார்கள். 5400 என்றால் நொடிக்கு 90 சுற்று, அதாவது 90 ஹெர்ட்ஸ் ஓசை வர வேண்டும், வந்தது 120. அதாவது 7200. கிளாஸ் என்பது செயல்திறனைக் குறிக்கும் வகைப்பெயர் என்று விளக்கம் வந்தது. குறைந்த சூட்டுக்காக அந்த எண்ணை நம்பி வாங்கியவருக்கு அது எப்படிப் பதிலாகும்?

2007-இல் வெளிவந்த கூகுள் ஆய்வை நீங்கள் எடுத்துக்காட்டலாம். மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் நினைத்த அளவு தொடர்பில்லை என்று அது சொன்னது உண்மைதான். ஆனால் அதில் ஆராய்ந்தவை டேட்டா சென்டர் டிரைவ்கள், மூடிய கேஸில் கிடந்தவை அல்ல. வயதான டிரைவ்களில் மிகுந்த சூடு பழுதைக் கூட்டியதையும் அதே ஆய்வு சொல்கிறது.

எம்ஆர்பியெல்லாம் அச்சாகும் பெட்டியில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. உண்மையான சுழல்வேகம் ஒன்று. சும்மா சுழலும்போதும் எழுதும்போதும் எத்தனை வாட் என்பது இன்னொன்று. கேஸோடு சேர்த்தே விற்கும் டிரைவ்களிலும் உள்ளே இருக்கும் மாடல் எண்ணைப் போடுங்கள். இப்போது பிரித்துப் பார்த்தால்தான் தெரிகிறது, பிரித்தால் வாரண்டி சிக்கலாகிறது. அடுத்த முறை பெட்டியை வடிவமைக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டிரைவ்களில் குடும்பப் படங்களை வைத்திருக்கும் ஒருவன்