பதில் சொல்லாத கணினிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

தலைமையகக் கணினிப் பிரிவினருக்கு,

வணக்கம். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிக் கிளைகளின் கணினிகளை நேரில் சென்று பார்க்கும் பணியாளன் என்ற முறையில், மென்பொருள் நிறுவல் குறித்து நீங்கள் வாரந்தோறும் அனுப்பும் அறிக்கையைப் பற்றி எழுதுகிறேன்.

சென்ற மாதம் பந்தலூரில், அறிக்கை ‘வெற்றி’ என்று காட்டிய ஒரு கணினியில் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருந்தது. நிறுவல் பதிவைப் பார்த்தால் 3010 என்ற குறியீடு இருந்தது; நிறுவல் முடிந்துவிட்டது, ஆனால் ரீஸ்டார்ட் செய்தால்தான் முழுமை பெறும் என்பதே விண்டோஸில் அதன் பொருள். அங்குள்ள எழுத்தர் அம்மா மாலைதோறும் தவறாமல் ஷட் டவுன் செய்து, ஈரம் ஏறாதிருக்க பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். அவர்மீது பிழையே இல்லை. கணினி விரைவாகத் தொடங்குவதற்கான ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கும் கணினியில், ஷட் டவுன் என்பது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை அப்படியே வட்டில் சேமித்து உறங்கவைப்பது மட்டுமே என்பதால், மாற்றக் காத்திருந்த கோப்புகள் அப்படியே நின்றுவிட்டன. நான் ரீஸ்டார்ட் கொடுத்ததும் புதிய பதிப்பு வந்தது.

கோத்தகிரியில் நேர்மாறாக, மென்பொருள் தானாகவே அடுத்த பதிப்புக்குப் போயிருக்க, நிறுவல் நடந்ததா என்று சோதிக்கும் உங்கள் விதி ஒரே ஒரு பதிப்பு எண்ணை மட்டும் தேடியதால் ‘தோல்வி’ என்று பதிவாகியிருந்தது.

இவற்றைவிட என்னை வருத்துவது விழுக்காடுதான். 100 கணினிகளில் 70 மட்டும் பதில் அனுப்பி, அவற்றில் 63 வெற்றி என்றால், அறிக்கை 90 விழுக்காடு என்கிறது. நமக்கு உறுதியாகத் தெரிந்ததோ 63தான். மரம் விழுந்து மின்சாரமும் இணையமும் போகும் தென்மேற்குப் பருவமழை நாட்களில், கூடலூர்ப் பக்கத்துக் கணினிகள் நாள்கணக்கில் சர்வரை எட்டுவதில்லை. கணினிகளில் மென்பொருளை நிறுவி மேலாண்மை செய்யும் மைக்ரோசாஃப்டின் கான்ஃபிகரேஷன் மேனேஜரின் இயல்பு அமைப்பில், நிறுவல் எந்த நிலையில் உள்ளது என்பது போன்ற நிலைச் செய்தி 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், கணினியில் என்னென்ன உள்ளன என்ற இருப்புப் பட்டியல் 7 நாளுக்கு ஒருமுறையும் புறப்படும்; தொடர்பே இல்லாத இடத்தில் இரண்டும் வந்து சேராது.

ஆகவே, பதில் வராத கணினிகளுக்கான ‘தெரியவில்லை’ என்ற வரிசையை மொத்தத்திலிருந்து நீக்காதீர்கள். ஒவ்வொரு கணினியும் கடைசியாகத் தொடர்பு கொண்ட தேதியை அறிக்கையிலேயே காட்டுங்கள். 3010 வந்தவற்றை ‘ரீஸ்டார்ட் நிலுவை’ என்று தனியே பிரித்துக் காட்டுங்கள். விழுக்காடு குறையும், குறையட்டும். பதில் சொல்லாத கணினிகளின் பட்டியலை ஜூன் பிறக்குமுன் அனுப்பினால், ஒவ்வொன்றையும் நானே திறந்து பார்த்துப் பதிப்பு எண்ணை எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
களப் பணியாளன், குன்னூர்