வாயாடிக்கு, நாலு மாதம் தாமதமாக

அன்புள்ள வாயாடி,

முதலில் திட்டிவிடு. நீ திட்டி முடித்தால்தான் மிச்சத்தை நிம்மதியாக எழுத முடியும். உன் மகள் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன் நீ ஒரு பட்டியல் அனுப்பினாயே, பதினேழு ஆப், ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கேள்விக்குறி, கீழே "இதில் எதையெல்லாம் போட்டுக் கொடுக்கட்டும்?" என்று ஒரு வரி. அதை அன்றைக்கே பார்த்துவிட்டேன். பதில் போடாததற்கு வேலை, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லலாம். ஆனால் உன்னிடம் பொய் சொல்லித் தப்பித்தவர் நம் விடுதி சரித்திரத்திலேயே கிடையாது.

இங்கே எல்லோரும் நலம். என் முட்டி வலி அப்படியே இருக்கிறது. குண்டூசி விருப்ப ஓய்வு வாங்கிவிட்டாள், தினமும் விடிவதற்குள் ரோஜாப்பூ படம் அனுப்புகிறாள். நெட்டை சாரைப் பற்றி எழுத மாட்டேன், நீ சிரித்துச் சிரித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பட்டியல் வந்த அதே வாரம் என்னிடம் முதுகலை படித்த ஒரு பெண் அறை வாசலில் வந்து நின்றாள். படிப்பு முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, முனைவர் பட்டத்துக்கு வேறு இடத்தில் சேர்ந்திருக்கிறாள். படித்துப் போனவர்களின் மாணவர் மின்னஞ்சலை மூடிவிடுவது பல இடங்களில் உள்ளதுதான், அவளுடையதையும் மூடிவிட்டார்கள். எச்சரிக்கை மூன்று முறை வந்திருக்கிறது, மூன்றும் அதே மின்னஞ்சலுக்கு, அதைத்தான் அவள் திறப்பதையே விட்டிருந்தாள். குறிப்பெடுக்கும் ஆப்புக்கும் அந்தக் கணக்குதான் சாவி. இரண்டு வருடம் படித்த கட்டுரைகளின் குறிப்பு, கையால் வரைந்த படங்கள், நான் சொன்ன திருத்தங்கள் எல்லாம் அதற்குள்ளே. நல்ல வேளையாகப் பழைய லேப்டாப் ஒன்றில் மட்டும் ஆப் இன்னும் திறந்தபடி கிடந்தது. எக்ஸ்போர்ட் என்று இருந்ததை அழுத்தினோம். வந்தது ஒரே ஒரு கோப்பு, அந்த ஆப்பைத் தவிர வேறு எதுவும் திறக்காத கோப்பு.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். ஒரு பக்கம் திறப்பது, நகலெடுப்பது, வெறும் உரைக்கோப்பில் ஒட்டுவது, அடுத்த பக்கம். படங்கள் ஒட்டவே மாட்டேன் என்றன, திரையை அப்படியே கைபேசியில் போட்டோ பிடித்தோம். அந்தப் போட்டோக்களில் அவள் வரைந்த உயிரணுவுக்கு மேலே என் கண்ணாடியின் நிழல் விழுந்திருக்கிறது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த ஆப்பை அவளுக்குச் சொன்னதே நான்தான் வாயாடி. முதல் பருவத்தில் வகுப்பு மொத்தத்துக்கும் சொன்னேன், எல்லோரும் இதைப் போடுங்கள், பார்க்க அழகாக இருக்கும் என்று. நான் கண்ட ஒரே தகுதி அதுதான், அழகு. அதற்கப்புறம் உன் பதினேழையும் எடுத்து வைத்துக்கொண்டு யோசனை சொல்ல எந்த முகத்தோடு உட்காருவது?

இத்தனைக்கும் நான் ஏற்கெனவே பட்டவள். 1999-இல் நாம் கண்விழித்து அடித்த ஆய்வேட்டின் சிடி என்னிடம் இருக்கிறது. போன வருடம் திறந்து பார்த்தேன். பாமினியில் அடித்தது, இப்போதைய கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அதனால் 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கிறது. நன்றியுரை முழுக்க அப்படித்தான். மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கியதும் நம் தமிழ் திரும்பி வந்தது, உன் எழுத்துப் பிழைகளும் அச்சுப் பிசகாமல் வந்தன. ஒரு தடவை பட்டும் புத்தி வரவில்லை பார்.

அதனால் உன் பட்டியலுக்கு என் பதில் இப்படி ஆகிவிட்டது. எதைப் போட்டாலும், போட்ட அன்றைக்கே பத்துக் குறிப்பு எழுதச் சொல், ஒரு படம், ஒரு அட்டவணை, கொஞ்சம் தமிழ் எல்லாம் அதில் இருக்கட்டும். உடனே அதை எக்ஸ்போர்ட் செய்து இன்னொரு மென்பொருளில் திறக்கச் சொல். திறந்ததா, தமிழ் தமிழாகவே இருக்கிறதா, படம் வந்ததா? வராவிட்டால் அந்த ஆப் வேண்டாம், எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் சரி. உன் பதினேழில் குறிப்பெடுக்க மட்டும் ஐந்து இருக்கிறது. ஐந்தும் இந்தப் பத்துக் குறிப்பைத் தாண்டட்டும், தாண்டியதில் அவளுக்குப் பிடித்த ஒன்று போதும். மார்க்டவுன் என்று ஒரு எழுத்துமுறை 2004-இல் வந்தது, தலைப்புக்கு முன்னால் ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். அப்சிடியன் போன்றவை குறிப்புகளை அந்த முறையில் சாதாரண உரைக்கோப்பாக உன் கணினியிலேயே வைக்கின்றன. ஆப் நாளைக்கே மூடிப்போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

நிறுவனம் பெரியது, அதெல்லாம் எங்கே போகும் என்பாய். எவர்நோட்டையே எடுத்துக்கொள், ஒரு காலத்தில் குறிப்பு என்றாலே அதுதான். 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டுப்புத்தகம் என்று வரம்பு போட்டார்கள். மாணவர்களுக்கு இலவசம் என்று வருவதிலும் பாதி இப்படித்தான், படிக்கும்வரை இலவசம், பட்டம் வாங்கிய மறுநாளிலிருந்து பழகிய கைக்கு வாடகை.

இனி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள். ஜோடெரோ, படித்த கட்டுரைகளைச் சேர்த்து வைத்து மேற்கோளும் நூற்பட்டியலும் போட்டுத் தரும் மென்பொருள். உன் பட்டியலில் அது இல்லவே இல்லை! பதினேழு எழுதினாயே, இதை எப்படி விட்டாய்? அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையத்தில் செய்தது, 2006-இல் வெளியானது, கட்டற்ற மென்பொருள், இலவசம். உலாவியில் ஒரு கட்டுரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்கம், பெரும்பாலும் பிடிஎஃபும் சேர்த்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எழுதும்போது வேர்டிலோ லிப்ரே ஆபிஸிலோ மேற்கோள் வேண்டிய இடத்தில் தேடிப் போட்டால், நூற்பட்டியல் தானே கடைசியில் வரும். ஒரு இதழ் ஏற்கவில்லை, இன்னொன்றுக்கு அனுப்புகிறாய், அவர்கள் வேறு மேற்கோள் பாணி கேட்கிறார்கள் என்று வை, ஒரு அழுத்தில் மாறும். பத்தாயிரத்துக்கும் மேல் பாணிகள் இருக்கின்றன. நாம் அந்தக் காலத்தில் அட்டையில் எழுதி, அகரவரிசையில் அடுக்கி, நீ காற்றாடியைப் போட்டுப் பறக்கவிட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. பிழையோ மோசடியோ தெரிந்து இதழே திரும்பப் பெற்ற கட்டுரை உன் சேகரிப்பில் இருந்தால் சிவப்பில் காட்டும். என் சேகரிப்பிலேயே ஒன்று சிவந்தது, அதை நான் இரண்டு இடத்தில் மேற்கோள் காட்டியிருந்தேன். காதும் காதும் வைத்தாற்போல் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை மட்டும். ஜோடெரோவின் இணையச் சேமிப்பில் இலவசமாகக் கிடைப்பது 300 மெகாபைட், அது பிடிஎஃப்களுக்கு. நூறு கட்டுரைக்குள் நிரம்பினாலும் நிரம்பும். நிரம்பினால் பதற வேண்டாம், மேற்கோள் விவரங்கள் தொடர்ந்து ஒத்திசையும், பிடிஎஃப்கள் கணினியில் எப்போதும்போல் இருக்கும்.

உன் மகள் உயிரியல் என்றாயே, அதனால் எக்ஸெல் பற்றி ஒரு வார்த்தை. 'செப்ட்2' என்று ஒரு மரபணு. அதை எக்ஸெலில் அடித்தால் அது பரிவோடு 'செப்டம்பர் 2' என்று திருத்திவிடும். வேடிக்கை என்று நினைக்காதே, எக்ஸெலில் மரபணுப் பட்டியல் இணைத்து வெளியான ஆய்வுக்கட்டுரைகளைச் சோதித்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. கடைசியில் 2020-இல் மரபணுவுக்குத்தான் பேரை மாற்றினார்கள், செப்டின்2 என்று. அறிவியல் எக்ஸெலுக்கு வழிவிட்டு ஒதுங்கிய கதை! தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை அதற்கப்புறம்தான், 2023-இல், கொடுத்தார்கள். சின்னக் கணக்குக்கு எக்ஸெல் இருக்கட்டும். ஆனால் இரண்டாம் ஆண்டுக்குள் அவள் 'ஆர்' என்ற புள்ளியியல் நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளட்டும். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு பேர் தொடங்கியது, இருவர் முதலெழுத்தும் ஆர். அதில் என்ன செய்தாய் என்பது வரிவரியாக எழுத்தில் இருக்கும், ஆறு மாதம் கழித்து ஒருவர் கேட்டாலும் காட்டலாம். முதல் மாதம் அழுவாள். அழட்டும், நீ நடுவில் போகாதே.

மனப்பாடத்துக்கு ஆங்கி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று அட்டை காட்டிக் கேட்கும் ஆப். ஜப்பானிய மொழியில் அந்தப் பேருக்கே மனப்பாடம் என்றுதான் பொருள். நினைவில் இருப்பதைத் தள்ளிக் கேட்கும், மறந்ததைச் சீக்கிரம் கேட்கும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. அட்டைகளை அவளே எழுத வேண்டும், யாரோ எழுதிய ஆயிரம் அட்டையை இறக்கிக்கொண்டால் கிளிப்பிள்ளைப் பாடம்தான். ஆவணத்தையும் சமன்பாட்டையும் அச்சுக்கு அமைக்கும் லேடெக் இப்போதைக்கு வேண்டாம், சமன்பாடு நிறைய வந்தால் அப்புறம் பார்க்கலாம்.

செயற்கை நுண்ணறிவு பற்றித் தனியாக அடிக்கோடிட்டுக் கேட்டிருந்தாய். புரியாத பத்தியை விளக்கச் சொல்ல, எழுதிய நிரலில் பிழை தேட, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் நூற்பட்டியல் கேட்டால் இல்லாத கட்டுரையை அச்சு அசலாகச் செய்து தந்துவிடுகிறது, ஆசிரியர் பெயர், இதழ், பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும், கட்டுரைதான் இருக்காது. 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படி இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அது தரும் எந்த மேற்கோளையும் ஜோடெரோவுக்குள் கொண்டுவர முடிகிறதா என்று பார்க்கச் சொல். உண்மையான கட்டுரைக்குப் பெரும்பாலும் டிஓஐ என்று அதற்கே உரிய ஓர் அடையாள எண் இருக்கும், அதைப் போட்டால் விவரம் வந்து நிற்கும். வந்த விவரம் அது சொன்ன தலைப்புதானா என்றும் பார்க்க வேண்டும். எண்ணும் இல்லை, நூலகத்தில் தேடினாலும் இல்லை என்றால் அது காற்று.

அப்புறம் பேக்கப். மேகத்தில் ஒத்திசைகிறதே என்று அவள் சொல்வாள். ஒத்திசைவு பேக்கப் ஆகாது, இங்கே தவறி அழித்தால் அங்கேயும் சமர்த்தாக அழிந்துவிடும். வாரம் ஒரு முறை தனி வட்டில் ஒரு நகல், அந்த வட்டு லேப்டாப் பையில் இருக்கக் கூடாது, பையோடு போனால் இரண்டும் போகும். எல்லாக் கணக்கையும் அவளுடைய சொந்த மின்னஞ்சலில் தொடங்கட்டும். இதை மட்டும் நீ மூன்று தடவை சொல்.

அந்தப் பெண்ணின் குறிப்புகளில் முக்கால்வாசி மீண்டுவிட்டன. மீளாததில் ஒன்று அவள் தன் முதல் ஆய்வுக் கேள்வியை எழுதி வைத்த பக்கம். திரும்பவும் எழுதிக்கொள்கிறேன் மேடம், இப்போது வேறு மாதிரி எழுதுவேன் என்றாள். சமாதானத்துக்குச் சொன்னாளா, நிஜமாகவே அப்படித்தானா என்று இன்னும் புரியவில்லை. இந்தப் பருவத்திலிருந்து என் வகுப்பில் முதல் நாள் பாடமே பத்துக் குறிப்பு எக்ஸ்போர்ட்தான். பையன்கள் சிரிக்கிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் உன் மகளை என்னைக் கூப்பிடச் சொல். ஜோடெரோ போடும்போது நான் கூடவே இருக்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து 'அந்தப் பதினேழும் என்ன ஆச்சு' என்று நடுவில் பேசக் கூடாது.

உன்,
தூங்குமூஞ்சி